கடைசிக் கட்டடத்திலிருந்து புகார் இல்லை

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒரு பம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் என் மனைவி சண்டைக்கு வருவாள். குப்பை கொட்டினேன், பனி தள்ளினேன், மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போனேன். ஆனால் இப்போது யோசித்தால் பம்பு மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

நியூ ஜெர்சியில் டர்ன்பைக் நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய குடியிருப்பு வளாகம் அது. பதினோரு செங்கல் கட்டடங்கள். எந்தக் கட்டடத்துக்கும் தனி ஹீட்டர் கிடையாது. ஒரு மூலையில் பாய்லர் ஹவுஸ் இருக்கிறது. அங்கே தண்ணீரைச் சுடவைத்து, பூமிக்கு அடியில் புதைத்த குழாய்களில் பதினோரு கட்டடங்களுக்கும் அனுப்புவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரு ரேடியேட்டர். அதில் சூட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் இன்னொரு குழாயில் திரும்பி வரும். தண்ணீரைச் சுடவைப்பது எரிவாயு, ஓட வைப்பது மின்சாரம். அந்த ஓட வைக்கும் மின்சாரத்துக்குத்தான் நான் பொறுப்பு.

கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஆறு வருடம் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். இங்கே வந்து மேற்படிப்பு முடித்து, பாய்லர் ஹவுஸை நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். விசா அவர்கள் கையில். கிரீன் கார்டு வரிசையில் நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும். மனைவி ஒரு டேகேரில் வேலை செய்கிறாள், அவளுடைய வேலை அனுமதியும் என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மகளுக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. இங்கே பிறந்தவள். பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

அக்டோபரில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர்தான். கெட்ட செய்தியைச் சொல்லும்போது மேஜை மேல் இருக்கும் பேனாக்களை வரிசைப்படுத்துவார். அன்றைக்கு ரொம்ப நேரம் வரிசைப்படுத்தினார். பம்புகள் தின்னும் மின்சாரத்தைப் பார்த்து ஓனர் கொதித்துப்போயிருக்கிறார். இந்தக் குளிர்காலத்தில் அதைக் கணிசமாகக் குறைத்துக் காட்டினால் நம் நிறுவனம் நீடிக்கும், இல்லாவிட்டால் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார். அவர்களுக்குச் சொந்த இன்ஜினியர்கள் உண்டு. குறைக்க வேண்டும், அதே சமயம் குடியிருப்பவர்களிடமிருந்து குளிர்கிறது என்ற புகார் கூடவே கூடாது. இரண்டையும் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். வேறென்ன சொல்ல முடியும். வேலை போனால் அறுபது நாள். அதற்குள் விசா தரும் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முடியும் என்று சொன்னது பொய்யும் இல்லை. பம்பில் ஓர் அதிசயம் உண்டு. அதன் வேகத்தைப் பாதியாக்கினால் போகிற தண்ணீரும் பாதியாகும், மின்சாரமோ கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது துளி குறைத்தாலும் மீட்டரில் பெரிதாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்காமல் இருப்பது எந்தப் பம்புக்காரனாலும் ஆகாத காரியம். குறைக்கும்போது அடிபடுவது குழாயின் கடைசியில் இருப்பவன். ஊரில் தெருவுக்குத் தண்ணீர் விடும்போது முன்வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். இங்கேயும் அதே கதைதான். பாய்லர் ஹவுஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடங்கள் எப்படியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பதினோராம் கட்டடம் மிச்சத்தை வாங்கிக்கொள்ளும்.

அதற்காகத்தான் பதினோராம் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் ஓர் அழுத்தமானி வைத்திருக்கிறோம். இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், பம்பு அதைப் பார்த்துத் தன் வேகத்தை வைத்துக்கொள்ளும். அந்த எண் எவ்வளவு என்பதுதான் கேள்வி. எந்தப் புத்தகமும் சொல்லாது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு படி குறை. ஒரு வாரம் காத்திரு. யாராவது குளிர்கிறது என்று புகார் கொடுத்தால் ஒரு படி ஏற்று. கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு படி குறை. வீட்டுக்கு வீடு வெப்பமானி மாட்ட ஓனருக்கு மனம் வரவில்லை. ஆகவே குடியிருப்பவர்கள்தான் எங்கள் வெப்பமானி.

இந்த ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும். மூன்றாம் கட்டடத்தில் ஒருவர் இருந்தார். டிசம்பரில் அரை டவுசரோடு உட்கார்ந்துகொண்டு, வீட்டில் அறுபத்தொன்பது டிகிரி ஃபாரன்ஹீட்தான் இருக்கிறது என்று போனில் வளாகத்தின் ஆப்பில் புகார் போடுவார். அவரைத் திட்டாத நாள் கிடையாது. என் வேலைக்கு அவரைப் போல உதவியவர் யாரும் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்றைத்தான். பதினோராம் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் எல்லோரும் நம் ஆட்கள்.

பார்க்கிங் சுலபம், நியூயார்க் போகும் பஸ் வாசலிலேயே நிற்கும் என்பதால் ஒருவர் பின் ஒருவராக அங்கே வந்து சேர்ந்தவர்கள். திருப்பூர், மதுரை, நாகர்கோவில். மூன்றாம் மாடியில் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். மகன் டெக்ஸஸில், ஃபிரிஸ்கோவில். பள்ளி விட்டதும் என் மகள் ஆன்ட்டி வீட்டுக்குத்தான் போவாள். நானோ மனைவியோ வேலை முடிந்து கூட்டிக்கொண்டு வருவோம். எங்கள் வீடு இரண்டாம் கட்டடத்தில், பாய்லர் ஹவுஸுக்கு அடுத்து. ஜனவரியிலும் நான் பனியனோடு இருக்கலாம்.

நவம்பரில் கம்யூனிட்டி ரூமில் தீபாவளி பாட்லக் வைத்தோம். எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்திருந்தார்கள். மதுரைக்காரர் ஒருவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து, "என்ன சார், ரொம்ப டல்லா இருக்கீங்க. ஆபீஸ்ல டென்ஷனா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து நாக்கில் சனி உட்கார்ந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பம்பு, ஓனர், விசா, அறுபது நாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க, ஒரு ரெண்டு மூணு மாசம் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணாம இருந்தா போதும், நான் தப்பிச்சிருவேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எலுமிச்சை சாதம் பரிமாறிக்கொண்டிருந்த ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கையில் வைத்தபடி, "வேலை போனா உண்மையாவே போக வேணுமோ தம்பி? பிள்ளையின்ட படிப்பு?" என்று கேட்டார்.

"போகத்தான் வேணும் ஆன்ட்டி. பாப்போம், அப்படியெல்லாம் ஆகாது."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவருக்குப் பரிமாறப் போனார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து படிப்படியாகக் குறைத்தேன். நான்காம் கட்டடத்திலிருந்து ஒரு புகார் வந்தது, போய்ப் பார்த்தால் ரேடியேட்டருக்குள் காற்று அடைத்திருந்தது. மூன்றாம் கட்டடத்துக்காரர் வழக்கம்போல் இரண்டு போட்டார். பதினோராம் கட்டடத்திலிருந்து ஒன்றும் இல்லை. கடைசி முனையே சும்மா இருக்கும்போது மற்றவர்களைப் பற்றி என்ன கவலை. இன்னும் ஒரு படி. இன்னும் ஒரு படி. கம்ப்யூட்டர் திரையில் மின்சாரக் கோடு இறங்க இறங்க எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மேனேஜர் அந்தக் கோட்டை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி என்னைப் பாராட்டினார். மனைவி அதை ஊருக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். மகளுக்கு அடுத்த வருட நீச்சல் வகுப்புக்கும் பேர் கொடுத்தாள். அடுத்த வருடம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் பேசியே மாதங்கள் ஆகியிருந்தன.

இப்போது நினைத்தால் எல்லாமே கண்முன்னால்தான் நடந்தது. முன்பெல்லாம் மகளைக் கூட்டிவர மாடி ஏறினால் ஆன்ட்டி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார். டிசம்பரிலிருந்து அவரே பிள்ளையைக் கீழே கூட்டிவந்து வாசலில் நிற்பார். "நீங்கள் ஏன் தம்பி சும்மா ஏறி இறங்குறியள்" என்பார். என் முழங்கால் வலிக்காகத்தான் என்று நினைத்தேன். மகள் புத்தகப் பையில் கம்பளிக் காலுறை எடுத்துப் போக ஆரம்பித்தாள். பெண் பிள்ளைகள் வளரும்போது ஏதாவது பழக்கம் வரும் என்று விட்டுவிட்டேன். மதுரைக்காரரை இந்தியன் ஸ்டோரில் பார்த்தேன். வீட்டில் சூடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "சூப்பர் சார், ஒரு பிரச்சனையும் இல்ல" என்று கொத்தமல்லிக் கட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஒரே ஒரு முறை மகளிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "ஆன்ட்டி வீட்ல குளிருதா கண்ணு?"

"இட்ஸ் ஃபைன்" என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஜனவரி நடுவில் கடும் குளிர் வரப்போகிறது என்று செய்தி வந்தது. மேனேஜர் வந்து, வெள்ளிக்கிழமை ஓனர் வருகிறார், அந்தக் கோட்டைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டும், ஒப்பந்தத்தை அன்றைக்கே புதுப்பித்துவிடுவார் போலிருக்கிறது என்றார். அந்தத் திங்கட்கிழமை நான் கடைசியாக ஒரு படி குறைத்தேன். குளிர் வரப்போகிறது என்று தெரிந்தே குறைத்தேன். இந்தக் குளிரிலும் தாங்கிவிட்டால் ஓனர் வாயடைத்துப்போவார் என்று எனக்குள் ஓர் ஆசை. அதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு மகள் போன் செய்தாள். ஆன்ட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை, ஏதோ பேசுகிறார், புரியவில்லை என்றாள். அழவில்லை. குரலை அடக்கி வைத்திருந்தாள்.

உடனே 911-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு பாய்லர் ஹவுஸிலிருந்து ஓடினேன். ஒன்றாம் கட்டடத்திலிருந்து பதினோராம் கட்டடம் வரைக்கும் என் குழாய்கள் போகும் வழியேதான் ஓட வேண்டும். முதல் பாதியில் குழாய்க்கு மேலே பனி உருகி, புல் ஈரமாகத் தெரிந்தது. பின் பாதியில் பனி கெட்டியாகக் கிடந்தது. தினமும் நடக்கிற வழிதான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ஆன்ட்டி கோட் போட்டுக்கொண்டு, அதன் மேல் இரண்டு போர்வை சுற்றிக்கொண்டு, சமையலறை வாசலில் நாற்காலியில் இருந்தார். ஓவன் கதவு திறந்திருந்தது, உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல்களில் துண்டு செருகியிருந்தது. மகள் ஜாக்கெட்டும் தொப்பியுமாகத் தரையில் உட்கார்ந்து அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மருந்துக் கடைக்காரர்கள் கொடுத்த வெப்பமானி ஒன்று மாட்டியிருந்தது. ஐம்பத்திரண்டு, ஊர்க் கணக்கில் பதினொரு டிகிரி செல்சியஸ். ரேடியேட்டரைத் தொட்டேன். ஜன்னல் கண்ணாடியும் அதுவும் ஒரே மாதிரி இருந்தன.

ஓவனை அணைத்து, எரிவாயுப் புகை வெளியேற ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். பாய்லர் ஆபரேட்டருக்குப் போன் செய்து இரண்டு பம்பையும் முழு வேகத்தில் விடச் சொன்னேன். அவர் முப்பது வருடமாக அங்கே இருப்பவர். வெள்ளிக்கிழமைக் கோடு என்ன ஆவது என்று கேட்டார். விடுங்கள் என்று கத்தினேன். அவரிடம் நான் கத்தியது அது ஒரு முறைதான்.

ஆம்புலன்ஸ் வந்து ஆன்ட்டியைத் தூக்கிப்போனது. உடல் சூடு ரொம்பவும் இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். படிக்கட்டில் நானும் மகளும் நின்றோம். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

டிசம்பரிலிருந்து என்றாள். தினமும் குளிரும் என்றாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று ஆன்ட்டி சத்தியம் வாங்கிக்கொண்டார் என்றாள். யாராவது புகார் கொடுத்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும், நாம் எல்லோரும் இங்கிருந்து போக வேண்டியிருக்கும் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் ஆன்ட்டி சொல்லிவிட்டார், எல்லோரும் சரி என்றுவிட்டார்கள் என்றாள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசியில் மட்டும், "ஐ டிட்ன்ட் வான்ட் டு கோ, அப்பா" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

அவளைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மருத்துவமனைக்குப் போனேன். ஆன்ட்டி தெளிந்திருந்தார். சூடான காற்று ஊதும் போர்வைக்குள் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கதவுப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. நானே ரேடியேட்டர பூட்டி வச்சிட்டு மறந்து போனன் எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டன். உங்கட மேனேஜர் போன் எடுத்துக் கேட்டவர், அவருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

"ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணீங்க? செத்துப் போயிருப்பீங்க."

"எனக்கு என்ன. நான் ஒரு ஆள். அது சின்னப் பிள்ளை. ஒரு நாட்டில இருந்து பிள்ளையளோட வெளிக்கிட்டா எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இன்னும் ஒரு மாசந்தானே குளிர்" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. நன்றியெல்லாம் வந்தது ரொம்ப நேரம் கழித்துத்தான். என் பம்பை ஏமாற்ற இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தேன். பிறகு, அதிகாரம் கொடுத்தவன் நான்தான், எலுமிச்சை சாதத் தட்டோடு நின்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன் என்பது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து பதினோராம் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கதவு கதவாகத் தட்டினேன். முதல் இரண்டு வீட்டில் கதவைப் பாதி திறந்து, "எல்லாம் ஓகே சார்" என்றார்கள். மூன்றாவது மதுரைக்காரர் வீடு. நான் கேட்காமல் உள்ளே போய்விட்டேன். இரண்டு வயதுக் குழந்தை பனியில் விளையாடப் போடும் உடையோடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. ரேடியேட்டர் அப்போதுதான் சூடாக ஆரம்பித்திருந்தது. மதுரைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க குடும்பத்த நாங்க எப்படி சார் மாட்டி விடுறது" என்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டியே சொல்லிட்டாங்கல்ல. இப்ப நீங்க எதுக்கு வாயத் தொறக்கறீங்க? பம்ப ஏத்தியாச்சு, அவங்களும் பொழச்சுட்டாங்க. பேசாம இருங்க."

"மேனேஜர் மறுபடி கொறைக்கச் சொல்வார்."

"சொன்னா அப்பப் பாத்துக்கலாங்க. இவ்வளவு பேரு நமக்காகக் குளுருல கெடந்துருக்காங்க. அதையெல்லாம் வீணாக்கிட்டு நீங்க போயி நல்லவராகணுமா?"

அவர்கள் பட்ட குளிர் கடைசியில் வீணாகத்தான் போனது.

வெள்ளிக்கிழமை காலை, ஓனர் வருவதற்கு முன், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திரையில் கோடு அழகாக இறங்கி வந்து, புதன்கிழமை மத்தியானம் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறியிருந்தது. பேனாக்களை வரிசைப்படுத்தினார். அந்த அம்மாள் தன் வால்வைத் தானே மூடியிருக்கிறார், பாவம், வயதானவர். நீ பதறிவிட்டாய், புரிகிறது. ஓனரிடம் அதையே சொல்லிக்கொள்ளலாம். பதினோராம் கட்டடத்திலிருந்து இந்தக் குளிர்காலத்தில் ஒரு புகார்கூட இல்லையே. மறுபடி திங்கட்கிழமை இருந்த அளவுக்கே இறக்கிவிடு என்றார்.

சரி என்று சொல்ல வாய் திறந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் நீச்சல் வகுப்பு, மனைவியின் வேலை, வரிசையில் என் இடம் எல்லாம் அப்படியே இருக்கும். மதுரைக்காரரின் குழந்தை வீட்டுக்குள் அந்த உடையோடு நடக்கும். அவர் கொத்தமல்லிக் கட்டைப் பார்த்து சூப்பர் சார் என்பார்.

அந்த அம்மாள் வால்வை மூடவில்லை, எனக்காகப் பொய் சொன்னார் என்றேன். அவர் மட்டும் இல்லை, கட்டடம் முழுக்கச் சொன்னது பொய் என்றேன். புகார் வரவில்லை என்பதை நம்பி நான் குறைத்தேன், புகார் கொடுக்காதீர்கள் என்று நானே அவர்களிடம் சொல்லியிருந்தேன் என்றேன். போனை எடுத்து அவர் முன்னாலேயே ஆப்பைத் திறந்தேன். கட்டடம் பதினொன்று. மாடி மூன்று. ஐம்பத்திரண்டு டிகிரி. அந்தக் கட்டடத்திலிருந்து அந்தக் குளிர்காலத்தில் போன முதல் புகார் நான் போட்டதுதான். புகார் கொடுப்பவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

மேனேஜர் பேனாக்களை விட்டுவிட்டார். பிறகு, பம்பு ஓடுகிறபடியே ஓடட்டும் என்றார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். பிப்ரவரி கடைசியில் பாய்லர் ஹவுஸ் வேறு ஆட்கள் கைக்குப் போனது. எனக்கு வேலை நீக்கக் கடிதம் வந்தது.

ஆன்ட்டியின் மகன் ஃபிரிஸ்கோவிலிருந்து வந்து அவரைக் கூட்டிப்போய்விட்டார். கிளம்பும் அன்று சாமான் இறக்க நானும் போனேன். வீடு கதகதவென்று இருந்தது. "இப்ப நல்ல சூடு தம்பி" என்றார் ஆன்ட்டி. என் கை தானாகப் போய் ரேடியேட்டரைத் தொட்டது. சுட்டது. கையை எடுத்துத் திரும்பினால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைப் பூட்டினார்.

இதை எழுதும்போது அறுபது நாளில் முப்பத்தொன்பது போய்விட்டது. கண்ட இடத்துக்கெல்லாம் அப்ளை பண்ணியிருக்கிறேன். மூன்று இடத்தில் பேசினார்கள், விசா என்றதும் பேச்சு குறைந்தது. மனைவி என்னோடு பேசுகிறாள், ஆனால் நீச்சல் வகுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. மகள் பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நான்தான் வீட்டில் இருக்கிறேனே.

நேற்று மத்தியானம் வந்தவள் புத்தகப் பையை இறக்காமலே என் எதிரில் நின்றாள். நான் டிசம்பரிலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏற்றியிருப்பீர்களா என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். "டிசம்பர்லயே சொல்லியிருந்தா ஏத்தியிருப்பீங்களாப்பா?"

டிசம்பரில் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. பாராட்டு மின்னஞ்சல் வந்திருந்தது. ஒரு வாரம் பொறுத்துக்கோ கண்ணு, அப்பா பாக்கறேன் என்று சொல்லியிருப்பேனா? அடுத்த வாரமும் அதையே சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியாது.

"ஏத்தியிருப்பேன் கண்ணு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "இட்ஸ் ஃபைன்" என்றாள்.